சாதாரண தரத்துக்குப் பின் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம்: பாடசாலையிலா, மாமாவின் கராஜிலா?

கேள்வி: நாங்கள் திருகோணமலையில் கன்னியாப் பக்கம் இருக்கிறோம். என் மகன் இம்முறை சாதாரண தரப் பரீட்சை எழுதினான். விஞ்ஞானத்தில் C, கணிதத்தில் S, அதாவது சாதாரண சித்தி மட்டும். சின்ன வயதிலிருந்தே வாகனம் என்றால் அவனுக்கு உயிர். பாடசாலையில் தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்து மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிக்கலாம் என்று அதிபர் சொல்கிறார். அநுராதபுரச் சந்திக்குக் கிட்டக் கராஜ் வைத்திருக்கும் என் தம்பியோ, "இரண்டு வருசம் என்னோடு நின்றால் தொழில் கைக்கு வந்துவிடும், அதற்கு ஏன் அக்கா படிப்பு?" என்கிறான். அது படிப்பு ஏறாத பிள்ளைகளின் வகுப்பு என்று அயலில் பேசுகிறார்கள். நான் எதைத் தெரிவு செய்வது?

பதில்: அம்மா, உங்கள் மகனைப் பாடசாலையின் தொழிற்கல்விப் பிரிவில் சேர்க்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் சேர்ப்பதற்கு முன் அந்தப் பாடசாலையில் சிலவற்றை நேரில் பார்த்துவிடுங்கள். தம்பியின் கராஜையும் கைவிட வேண்டாம். சனிக்கிழமைகளுக்கு அது வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பாடசாலைகளில் ஏறத்தாழ ஒரே பெயரில் அழைக்கப்படும் இரண்டு வழிகள் உள்ளன. 2013இல் உயர்தரத்தில் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பிரிவு ஒன்று. அதில் பொறியியல் தொழில்நுட்பவியலையும் தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானத்தையும் இன்னொரு பாடத்தையும் படித்து, மற்ற உயர்தர மாணவர்களைப் போலவே பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டியிட வேண்டும். வாகனம் அங்கே பல பகுதிகளுள் ஒன்றாக மட்டுமே வரும். மற்றது, 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ் 2017இல் 42 பாடசாலைகளில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்ட தொழிற்கல்விப் பிரிவு. இதில் சேரச் சாதாரண தரப் பெறுபேறு தடையில்லை. பாடசாலையில் பொதுப் பாடங்களோடு தொழிற்பாடங்களைக் கற்று, அடுத்த கட்டத்தில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் செய்முறைப் பயிற்சி பெற்று, தேசிய தொழிற் தகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழை, அதாவது எல்லோரும் என்.வி.கியூ. 4 என்று சொல்வதைப் பெறுவதே அதன் நோக்கம். உங்கள் அதிபர் குறிப்பிட்டது இந்த இரண்டாவது வழி என்றே தெரிகிறது. எதற்கும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அயலவர் பேச்சுக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். என்.வி.கியூ. கட்டமைப்பில் மொத்தம் 7 மட்டங்கள் உண்டு. 4ஆம் மட்டம் தானாக நின்று வேலை செய்யக்கூடிய கைவினைஞரைக் குறிக்கிறது. 5உம் 6உம் டிப்ளோமா மட்டங்கள், 7 பட்டம். ஆகவே இந்த வழி 4இல் முடிந்துவிடுவதில்லை.

உங்கள் தம்பியின் கேள்விதான் கனமானது. அதற்கு, நான் அருகிலிருந்து பார்த்த ஒரு வேலையைக் கொண்டு பதில் சொல்கிறேன். நிலாவெளியிலிருந்து மீன் ஏற்றி வரும் சிறிய லொறி ஒன்று, காலையில் ஸ்டார்ட் எடுக்கும்போது முனகிவிட்டு நின்றுவிடும். ஒரு கராஜில் பற்றரியை மாற்றினார்கள். பத்து நாள் சரியாக ஓடியது, பிறகு பழைய கதை. இன்னோர் இடத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் மாற்றினார்கள், பின்னர் முழு மோட்டாரையே மாற்றினார்கள். இவ்வளவு செலவுக்குப் பிறகு வாகனம் எங்களிடம் வந்தபோது, பயிற்சியில் இருந்த ஒரு பையனிடம் மல்டிமீற்றரைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். சும்மா நிற்கையில் பற்றரியில் 12.6 வோல்ற்று இருந்தது. அது நல்ல பற்றரிக்குரிய அளவு. ஸ்டார்ட்டரைச் சுற்றும்போதும் பற்றரி முனைகளில் 11 வோல்ற்றுக்குக் குறையவில்லை. பற்றரி பலமாக இருந்தும் மோட்டார் சோர்ந்து சுற்றுகிறது என்றால், மின்சாரம் வழியில் எங்கோ தொலைகிறது. பையன் மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னான். அரை வோல்ற்றுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் மீற்றர் 1.8 வோல்ற்று காட்டியது. எஞ்சினுக்குப் போகும் ஏர்த் கேபிளின் உறையை வெட்டிப் பார்த்தோம். உப்புக் காற்றும் மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த தண்ணீரும் உள்ளே போய், செப்புக் கம்பிகள் பச்சைப் பொடியாகியிருந்தன. வெளியே உறை புதிதுபோலவே இருந்தது.

முந்திய கராஜ்காரர்களும் அந்தக் கேபிளை மீற்றரால் சோதித்திருந்தார்கள் என்று லொறிக்காரர் சொன்னார். நான் நம்பினேன். கழற்றிய கேபிளைச் சாதாரண மீற்றரில் தடை பார்த்தால் அது நல்லது என்றுதான் காட்டும். 0.01 ஓம் அளவுள்ள சிறிய தடையை அந்த மீற்றர் காணாது. ஆனால் ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுக்கும்போது அதே 0.01 ஓம் 1.5 வோல்ற்றை விழுங்கிவிடும். மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் வோல்ற்றளவு வரும் என்று 11ஆம் வகுப்புக்குள் எல்லோரும் படித்த ஓமின் விதிதான் இது. ஆகவே மின்னோட்டம் பாயும்போதே அளக்க வேண்டும் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அவன் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரன் என்பதல்ல. அவனுக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவ்வளவே. கணிதத்தில் S எடுத்த உங்கள் மகனுக்கு இந்தத் தொழிலில் தேவைப்படும் கணக்கு பெரும்பாலும் இந்த அளவுதான், ஆனால் இது கட்டாயம் தேவை. சேர்வதற்கு முன்னுள்ள மாதங்களில் பின்னம், சதவீதம், அலகு மாற்றம், ஓமின் விதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் மறுபடி செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி தொழில் பழகிய காலத்தில் கார்பரேட்டரைக் காதால் சரிசெய்ய முடிந்தது. இப்போது கராஜுக்கு வரும் கார்களில் எரிபொருளையும் தீப்பொறியையும் கணினியே தீர்மானிக்கிறது. ஸ்டியரிங்கின் கீழுள்ள 16 முனைச் சொருகியில் ஸ்கேனரைப் பொருத்தினால் பிழைக் குறியீடு வரும். அது எந்தத் திசையில் தேடுவது என்பதைச் சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை வாங்குவது என்பதைச் சொல்லாது. எரிபொருள் கலவை மெலிந்திருக்கிறது என்ற குறியீட்டைக் கண்டவுடன் ஒட்சிசன் சென்சரை மாற்றிவிட்டு, வெடித்துக் காற்றை உள்ளே விடும் வெற்றிடக் குழாய் ஒன்றை அப்படியே விட்டுவிடுவது நான் அடிக்கடி காணும் தவறு.

ஹைபிரிட் வாகனங்களில் தவறினால் பணம் மட்டும் போவதில்லை. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பெரிய பற்றரி 201.6 வோல்ற்று. செம்மஞ்சள் உறையுள்ள கேபிள்கள் அதிலிருந்துதான் வருகின்றன. அவற்றில் கை வைக்குமுன் வாகனத்தை அணைத்து, சாவியை அப்புறப்படுத்தி, 12 வோல்ற்றுப் பற்றரியைக் கழற்றி, 1000 வோல்ற்றுக்குத் தரப்படுத்திய இறப்பர்க் கையுறை அணிந்து, பெரிய பற்றரியின் சுற்றைத் துண்டிக்கும் சேவிஸ் பிளக்கை இழுத்தெடுத்து, உள்ளே தேங்கிய மின்னேற்றம் இறங்கப் பத்து நிமிடம் காத்திருந்து, அதன் பின்னும் மீற்றரால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்த ஒழுங்கை முறையாகப் படிக்காமல் வெறுமனே பார்த்துப் பழகியவர்களிடம் பெரும்பாலும் ஒரு படி விடுபட்டிருக்கும். 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின் முழு மின் வாகனங்களும் வருகின்றன. உங்கள் மகன் முப்பது வயதில் தொடப்போகும் வாகனங்களில் பல அவையாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் சொன்னதால் கராஜ் வேண்டாம் என்று ஆகிவிடாது. துருப்பிடித்து இறுகிய பொல்டை உடைக்காமல் எடுக்கும் கைப்பக்குவம், பேரிங் அரைபடும் சத்தத்துக்கும் டயர் இரைச்சலுக்கும் உள்ள வேறுபாடு, கிளச் எரியும் மணம், பழுது என்னவென்று சொல்லத் தெரியாமல் நிற்கும் ஓட்டோக்காரரிடம் கேள்வி கேட்டு விசயத்தை வெளியே எடுக்கும் விதம் ஆகியவற்றைப் பாடசாலை சொல்லிக்கொடுக்காது. பெரும்போகத்தில் தம்பலகாமத்திலிருந்து வரும் லான்ட்மாஸ்டரை, அதாவது இரு சக்கர உழவு இயந்திரத்தை, அன்று மாலைக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்ற அவசரமும் வகுப்பறையில் வராது. ஆகவே சனிக்கிழமையும் விடுமுறையும் மாமாவுக்குரியவை. ஆனால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்துவதை நம் நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வெல்டிங், ஜாக்கில் மட்டும் நிற்கும் வாகனத்தின் கீழ் படுப்பது, பெற்றோலில் பாகங்களைக் கழுவுவது, பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதுவது போன்றவற்றிலிருந்து அவனைத் தள்ளி வைக்கும்படி தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி இரண்டையும் பெரியவர்களும் செய்யக்கூடாது என்பது வேறு விசயம்.

இனிப் பாடசாலையில் பார்க்க வேண்டியவை. இந்தத் திட்டத்தில் உள்ள எல்லாப் பாடங்களும் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை என்பதால், மோட்டார் வாகனப் பாடம் அங்கே உண்மையில் நடக்கிறதா, அதற்கென ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். தெளிவில்லாவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். பிறகு வேலைக்களத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நடுவே வெட்டிச் சிவப்பும் மஞ்சளும் பூசி வைத்த எஞ்சின் மட்டும் நின்றால், அது காட்சிக்கு. பிள்ளைகள் கழற்றிப் பூட்டி மீண்டும் ஓடவைக்கும் எஞ்சின் ஒன்று வேண்டும். அந்த எஞ்சினைச் சுற்றி நிலத்தில் ஒயில் கறை இருந்தால் எனக்குத் திருப்தி. டோர்க் ரென்ச், மைக்ரோமீற்றர், மல்டிமீற்றர் ஆகியவை அலுமாரிக்குள் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, இரண்டாம் கட்டப் பயிற்சிக்குப் பிள்ளைகள் எந்த நிறுவனத்துக்கு அனுப்பப்படுகிறார்கள், அங்கே அந்தப் பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவால் அங்கீகரிக்கப்பட்டதா, முந்திய தொகுதி மாணவர்களின் கையில் என்.வி.கியூ. 4 சான்றிதழ் வந்து சேர்ந்ததா என்பவை. சென்ற தொகுதியில் படித்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டால், அதிபர் சொல்ல மறந்தவையும் தெரியவரும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வினாத்தாளில் முசலம், முறுக்கம் என்று இருக்கும். மாமா பிஸ்டன், டோர்க் என்பார். திருத்தக் கைநூலும் ஸ்கேனர் திரையும் ஆங்கிலத்தில் இருக்கும். கொழும்பில் உதிரிப்பாகம் கேட்கச் சிங்களம் கைகொடுக்கும். ஒரு கொப்பியில் நான்கு நிரல்கள் கீறி, கையில் எடுக்கும் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் அன்றன்றே எழுதி வந்தால், இரண்டு வருடத்தில் அது அவனுடைய சொந்த அகராதி ஆகிவிடும். என் மாணவர்களில் பலர் நல்ல வேலையை இழந்தது தொழில் தெரியாமல் அல்ல, கைநூலின் ஒரு பக்கத்தை வாசிக்க முடியாமல்.

பாடசாலையில் பார்த்தது திருப்தி தராவிட்டாலும் வழிகள் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் இவ்வருடம் எந்த வாகனப் பாடநெறிகளுக்கு விண்ணப்பம் கோருகிறார்கள் என்று விசாரியுங்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, வேலையிடத்திலேயே பயிலுநராகச் சேர்ந்து தகைமை பெறும் வழியை வைத்திருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் ஒரு முக்கிய துறை. வீட்டை விட்டுத் தங்கிப் படிக்க மகன் தயாரானால் என் முதல் தெரிவு அதுதான். 1959இல் ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கிய கல்கிசைத் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்துக்கு நாடெங்கும் இருந்து போட்டி அதிகம்; அங்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். பட்டம் வரை போக விரும்பினால், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது. என்.வி.கியூ. வழியாக அங்கே போக முதலில் இந்த 4ஆம் மட்டமும், அதன் மேல் டிப்ளோமா மட்டமும் வேண்டும்.

உங்கள் தம்பிக்கும் ஒரு செய்தி சொல்லுங்கள். பல வருடம் தொழில் செய்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், வகுப்புக்குப் போகாமலே, தங்கள் அனுபவத்தைச் சான்றுகளுடன் காட்டிச் செய்முறைத் தேர்வுக்குத் தோற்றி என்.வி.கியூ. பெறலாம், முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். திருத்திய வாகனங்களின் படங்கள், பற்றுச்சீட்டுகள், வாடிக்கையாளர் கடிதங்கள் ஆகியவற்றை அவர் இப்போதிருந்தே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்கலாம். கோப்பை ஒழுங்குபடுத்தும் வேலையைச் சனிக்கிழமைகளில் வரும் மருமகனிடம் கொடுத்தால், எந்த வேலைக்கு என்ன பதிவு வைக்க வேண்டும் என்பதை அவனும் அதிலேயே கற்றுக்கொள்வான்.