தூங்கினீர்களா, கேப்டன்?

விமானிகளின் உடல்நலம், மனநலம் பற்றி வந்த கேள்விகளுக்கு, பல வருடம் பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவரின் பதில்கள்.

இரண்டு விமானிகளுக்கும் வேறு வேறு சாப்பாடு தருவார்களாமே, நிஜமா சார்?

பல நிறுவனங்களில் அந்த வழக்கம் உண்டு. பறக்கும்போது விமானியை முடக்கிப்போடுவது பெரும்பாலும் மாரடைப்பு அல்ல, வயிற்றுக் கோளாறுதான். பறக்கும் நாளுக்கு முந்தைய இரவு நான் ரோட்டுக்கடைப் பக்கம் போனதே இல்லை. இப்போது வட்டியோடு ஈடுகட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் இரவு விமானம் முடித்து வந்து பகலில் எட்டு மணி நேரம் தூங்குகிறார். அப்படியும் சோர்வாகவே இருக்கிறார். சோம்பலா?

சோம்பல் இல்லை அம்மா. பகல் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை, என்னதான் காபி குடித்தாலும், உடம்பு படுக்கையைத்தான் தேடும்.

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். விமானி அறை ஒலிப்பதிவைக் கேட்டபோது, கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருந்தது தெரிந்தது. இறங்கும் நேரத்தில் விழித்துத்தான் இருந்தார். ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு மூளை தெளியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். துணை விமானி தரையிறங்க வேண்டாம், மேலே போகலாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை.

நம் நாட்டில் விமானிகளின் வாராந்தர ஓய்வு 36 மணி நேரமாக இருந்தது, 2025 ஜூலையில் 48 மணி நேரமானது. அந்த நேரத்தில் வீட்டில் காலிங் பெல்லையும் அவர் போனையும் அணைத்து வையுங்கள். கனமான திரைச்சீலையும் போடுங்கள். கல்யாண வீட்டு அழைப்பெல்லாம் அப்புறம்.

சாதாரண சளிதான். பறக்கலாமா?

கூடாது தம்பி. மூக்கடைப்போடு இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமமாகாது. வலி பின்னியெடுக்கும், செவிப்பறையே கிழியலாம். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை அதைவிட மோசம்.

பெயர் வேண்டாம். நான் துணை விமானி. ஆறு மாதமாக மனச்சோர்வு. டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடுமோ என்று பயம். பயிற்சிக் கடன் வேறு இருக்கிறது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேர் சாவுக்குக் காரணமான துணை விமானியும் இதே பயத்தில்தான் நோயை மறைத்தார். அவருக்கும் பயிற்சிக் கடன் இருந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, கிழிந்த நிலையில் வீட்டில் கிடைத்தது. மனச்சோர்வு வந்தவர்கள் எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்லவில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். மறைக்கத் தூண்டும் ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறேன்.

அமெரிக்காவில் 2010 முதல், சில மனச்சோர்வு மாத்திரைகளை எடுத்துக்கொண்டு நிலைமை சீரானவர்களை, மருத்துவக் கண்காணிப்போடு மறுபடி பறக்க விடுகிறார்கள். ஐரோப்பாவில் 2021 முதல், விமானிகள் சக விமானியிடம் ரகசியமாகப் பேச ஒவ்வொரு நிறுவனமும் வழி செய்தாக வேண்டும்.

நீங்கள் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. கடிதம் எழுதியதும் நல்லது, ஆனால் அது போதாது. லைசென்ஸுக்காக உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். சில மாதம் தரையில் இருக்க வேண்டியிருக்கும், சம்பளம் அடிபடும், உண்மைதான். மாத்திரையை மறைத்துக்கொண்டு மட்டும் காக்பிட்டில் ஏறாதீர்கள்.

கண்ணாடி போட்டவர்கள் பைலட் ஆகலாமா?

ஆகலாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். இரண்டாவது கண்ணாடி ஒன்றும் பையில் இருக்க வேண்டும், அது விதி. என்னுடையதை ஒருமுறை ஓட்டலில் மறந்துவிட்டு, டாக்ஸியைத் திருப்பிக்கொண்டு போய் எடுத்து வந்திருக்கிறேன்.