ஊசியும் அமிலமும்: வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் 1892-இல், தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்செடுக்கும் எட்சிங் முறையில் செய்த, பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனானின் உருவப்படத்தை ஒரு நூலில் பார்த்தேன். முகத்தின் வளைவுகளைப் பொருட்படுத்தாமல் கோடுகள் சரிந்து ஓடுகின்றன; ஆனாலும் முகம் துலங்குகிறது. தகட்டை அரிப்பது அமிலம்தான் என்னும்போது, அக்கோட்டை ஓவியரின் வெளிப்பாடு என்று எப்படிச் சொல்வது?

செ.

அன்புள்ள செ,

அரிப்பது அமிலம்தான், எதை, எவ்வளவு நேரம் அரிக்கவிடுவது என்பது ஓவியரின் முடிவு. செப்புத் தகட்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சை மட்டும் ஊசி கீறினால் போதும் என்பதால், உலோகத்தையே உளியால் உழுது செதுக்குபவருக்கு வாய்க்காத வேகமும் தயக்கமும் இங்கே கோட்டில் அப்படியே பதிந்துவிடுகின்றன. மெலிதாக நிற்க வேண்டிய கோடுகளைச் சற்று நேரத்திலேயே எடுத்து வார்னிஷால் மூடிவிட்டு, மற்றவற்றை மறுபடியும் அமிலத்தில் இடுவார்கள். அதிக நேரம் கிடந்த கோடு ஆழமாகி, கூடுதலாக மை பிடித்து, தாளில் கறுத்து விழும்.

சோர்னின் கோடுகள் மூக்கு, கன்னம், மேலங்கி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நிழல் விழும் இடமெல்லாம் அவருக்கு ஒரே பரப்பு. முகமென்று நாம் காண்பதில் பாதி, கோடு படாமல் விடப்பட்ட வெறும் தாள். அந்த வீச்சில் திறமையைக் காட்டிக்கொள்ளும் தோரணையும் கொஞ்சம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ரெம்பிராண்ட் 1651-இல் செய்த கிளெமென்ட் டி யோங்கேயின் படத்தையே நான் மேலாகக் கருதுவேன். அச்சுப்பட வணிகரான அவர் தொப்பியும் மேலங்கியுமாக நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். தகட்டைத் திருத்துவதற்கு முன், முதல் நிலையில் எடுத்த பிரதிகளில் கோடுகள் இடைவெளிவிட்டு, ஏறத்தாழ அவசரக் குறிப்புப்போல இருக்கின்றன. பின்னர் ரெம்பிராண்ட் அதே தகட்டை மீண்டும் மீண்டும் எடுத்துத் திருத்தினார். நிழல் அடர, அமர்ந்திருக்கும் தோரணை மாறாமலேயே அந்த மனிதரின் பார்வை வேறாகிறது. அமிலத்தின் தற்செயல் மட்டுமே என்றால் இந்தத் திருத்தங்களுக்கு என்ன தேவை இருந்தது?

ஃபிளெமிய ஓவியர் வான் டைக்கின் தன்னுருவப்படத்தையும் பாருங்கள். தலையை மட்டும் முடித்து, மீதித் தகட்டை அவர் ஏறக்குறைய வெறுமையாகவே விட்டுவிட்டார். அதைப் பின்னாளில் செதுக்குக் கலைஞர் யாக்கோப் நேஃப்ஸ் பீடத்தின் மேலுள்ள மார்பளவுச் சிலையாக நிரப்பி, ஒரு தொகுப்பின் முகப்புப் பக்கமாக்கினார். பீடத்தின் சீரான செதுக்குக் கோடுகளும் தலையின் எட்சிங் கோடுகளும் ஒரே தாளில் இருப்பதால், உங்கள் கேள்விக்கான விடையை அங்கே கண்ணாலேயே காணலாம்.