பையில் இல்லாவிட்டால் டிராகன் செத்துவிட்டதா?

தம்பி, ஹட்டன் கடையில் பார்த்த, படத்துப் பாத்திரங்கள் அச்சடித்த புத்தகப் பையில் டிராகனை மட்டும் காணோம், அதனால் வரப்போகும் படத்தில் அது செத்துவிடும் என்று தங்கச்சி அழுகிறாள் என எழுதியிருந்தீர்கள். பாவம் பிள்ளை. அப்படி முடிவு கட்டத் தேவையே இல்லை.

முக்கியமான பாத்திரத்தை வேண்டுமென்றே ஒளித்து வைப்பதும் உண்டு. 2019இல் 'தி மண்டலோரியன்' என்ற ஸ்டார் வார்ஸ் தொடர் தொடங்கியபோது, அதில் வரும் பேபி யோடா என்ற குட்டிப் பச்சைப் பாத்திரத்தின் பொம்மை கடைகளில் கிடையாது. ரகசியம் முன்கூட்டியே கசிந்துவிடக் கூடாது என்றுதான் பொம்மைகளைத் தள்ளிப்போட்டார்கள். அப்புறம் பார்த்தால், ஊரெல்லாம் அதே முகம்! தவிர, பொம்மை, பை எல்லாம் படம் முடிவதற்கு வெகு முன்பே வரைந்த ஓவியங்களை வைத்துச் செய்வது. கதை அதற்குப் பிறகும் மாறும்.

முதலில் அந்தப் பை அசல்தானா என்று பாருங்கள். உள்பக்கம் தைத்திருக்கும் துணி லேபிளிலோ தொங்கும் அட்டையிலோ பொடி எழுத்தில் ஸ்டூடியோ பெயரும் பதிப்புரிமை (©) வருடமும் இருக்க வேண்டும். வருடம் பழையது என்றால் அது முந்தைய பாகத்துப் படமாக இருக்கலாம். பெயரே இல்லை, கண், மூக்கு ஓரமெல்லாம் சாயம் கலங்கியிருக்கிறது என்றால் யாரோ இணையத்தில் எடுத்து அச்சடித்தது. அதில் கதை தேடவே வேண்டாம். நம்மூர் நடைபாதைக் கடைகளில் இந்த ரகம்தான் அதிகம்.

லேபிளைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.