பீலியை விடக் கொழுக்கியைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு பருத்தித்துறையில், கடற்கரையிலிருந்து கால் மைல் உள்ளே இருக்கிறது. ஓட்டுக் கூரை, முன்பக்கம் 40 அடி நீளம். கிணற்றுத் தண்ணீர் ஆடி, ஆவணியில் உப்புக் கரிப்பதால் இந்த மாரியில் கூரைத் தண்ணீரைச் சேர்க்கப் போகிறோம். கூரைக்கு மேல் ஒரு வேம்பும் ஒரு மாவும் கிளை விரித்து நிற்கின்றன. கடையில் பிவிசி, அலுமினியம், கல்வனைஸ் தகரம் என்று மூன்று வகைப் பீலி (கூரை ஓரத்தில் மழைத் தண்ணீரை ஏந்தும் வாய்க்கால்) காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– ஒரு வாசகி, பருத்தித்துறை

பதில்: தகரத்தை விட்டுவிடுங்கள் தங்கச்சி. என் ஐயா தகர வேலைக்காரர். மரச் சுத்தியலால் தட்டி வளைத்து, ஈயம் பற்றவைத்து அவர் செய்த பீலிகள் ஊருக்குள்ளே பல காலம் நின்றன. அதே பீலி கடற்கரை வீடுகளில் சில மாரிக்குள் பொத்தல் விழுந்து, வெள்ளையடித்த சுவரில் செம்மஞ்சள் கோடு கோடாக வடியும். உப்புக்காற்று முதலில் பிடிப்பது ஈயம் வைத்த பொருத்தைத்தான்.

அலுமினியம் அப்படித் துருவேறாது. ஆனால் ஈரச் சீமெந்து பட்டால் அரிக்கும், செம்பு தொட்டுக்கொண்டிருந்தாலும் அரிக்கும். பொருத்துகளைச் சரியாக அடைக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்து, கையில் காசும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டுக்கு என் தெரிவு 6 அங்குல அரைவட்ட பிவிசி பீலி. பெட்டி வடிவத்தில் தண்ணீர் கூடக் கொள்ளும், உண்மைதான். ஆனால் அதன் மூலைகளில் இலை ஒட்டிக்கொண்டு கிடக்கும். அரைவட்டத்தில் கையை ஒருமுறை இழுத்தாலே எல்லாம் வந்துவிடும்.

வாங்கும்போது விரலால் பீலியைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது கடை முற்றத்தில் வெயிலில் கிடந்த சரக்கு, வேண்டாம். விளிம்பைப் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள், சட்டென்று மடங்கினால் அதுவும் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை கொட்டியபோது என் அம்மாவின் குசினிப் பக்கப் பீலி 20 அடியும் ஒரே துண்டாக உடுப்புத் தோய்க்கிற கல்லின்மேல் விழுந்தது. போய் எடுத்துப் பார்த்தேன், பீலியில் ஒரு கீறல்கூட இல்லை. பீலியைத் தாங்கும் கொழுக்கிகளைப் பிடித்திருந்த இரும்பாணிகள் எல்லாம் துருவேறி ஊசிபோல மெலிந்து முறிந்திருந்தன. பீலிக்கு விலை பேசிப் பேசி வாங்கிவிட்டு, ஆணியை வேலைக்கு வந்தவர் பையில் இருந்ததைப் போட விட்டது நான்தான். அந்த நேரம் அம்மா கல்லடியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். ஆகவே 2 அடிக்கு ஒரு கொழுக்கி, துருப்பிடிக்காத உருக்கு ஆணி. அதிலும் 316 என்று கேட்டு வாங்குங்கள், கடற்கரைக்கு அதுதான் தாங்கும். 3 அடிக்கு ஒன்று போதும் என்பார்கள். சம்மதிக்க வேண்டாம். வாடைக்காற்றோடு வருகிற மழையில் பீலி நிறையத் தண்ணீர் நிற்கும்போது அந்தப் பாரத்தை யோசியுங்கள்.

கூரையின் அந்தப் பக்கச் சரிவு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. நிலத்தில் அளந்தால் 14 அடி என்று வைத்துக்கொள்வோம். 40 அடிக்கு 14 அடி, ஏறக்குறைய 52 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் கொட்டினால் நிமிடத்துக்கு 87 லீற்றர் இறங்கும். கிணற்று வாளியால் ஐந்து வாளி, ஒவ்வொரு நிமிடமும்! இதை ஒரே மூலையில் ஒரே குழாயால் இறக்க வேண்டாம். பீலியின் நடுவை உயர்த்தி, இரண்டு முனைக்கும் ஓர் அங்குலம் தாழ்த்தி, முனைக்கொரு 3 அங்குலக் குழாய் இறக்குங்கள். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தங்காது, டெங்கு நுளம்பும் பெருகாது.

பிவிசி வெயிலில் நீளும். 40 அடிப் பீலி காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையில் ஓர் அங்குலம் வரை கூடிக் குறையும். எல்லாப் பொருத்தையும் பசை போட்டு இறுக்கினால் எங்காவது வெடிக்கும். றப்பர் வைத்த பொருத்துகளை வாங்கி, நீள இடம் விட்டுப் போடச் சொல்லுங்கள். ஓட்டு நுனி இரண்டு அங்குலம் பீலிக்குள் நீட்டி நிற்கட்டும். பீலியின் வெளிவிளிம்பு உள்விளிம்பை விடச் சற்றுத் தாழ இருந்தால், நிரம்பினாலும் தண்ணீர் முற்றத்தில் விழும், சுவரில் இறங்காது.

இலை விழாமல் பீலியின் மேல் வலை போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாவிலையை வலை தடுக்கும். வேப்பிலை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள்ளால் நழுவி அடியில் களியாகப் படியும். வலை கிடப்பதால் அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஒரு வீட்டில் வலையைத் தூக்கினால், உள்ளே வேப்பங்கொட்டை முளைத்து நாலு இலையோடு நின்றது. வலைக் காசை ஒரு நல்ல ஏணிக்குக் கொடுங்கள். புரட்டாதி முடியுமுன் ஒருதரம், கார்த்திகை நடுவில் ஒருதரம் துப்புரவாக்குங்கள். முதல் மழைத் தண்ணீரைத் தாங்கிக்குள் விடாமல் மரத்தடிக்குத் திருப்புங்கள். காகம் எச்சமிட்ட கூரையல்லவா.

தாங்கி 5000 லீற்றருக்குக் குறைய வேண்டாம். 100 மில்லிமீற்றர் மழைக்கே அது நிரம்பிவிடும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் எடுத்தால் 250 நாள். தையில் தொடங்கினால் ஆவணி தாண்டும்.

கேள்வி: எங்களுடையது பழைய நாற்சார் வீடு, நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கூரை. முற்றத்து மூலைகள் நாலும் ஒழுகுகின்றன. பிவிசி பீலியை வெட்டி வைக்கலாமா?
– ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: வேண்டாம் தம்பி. இரண்டு கூரைத் தண்ணீரும் சேர்ந்து பாய்கிற இடம் அது. அங்கே உங்களுக்குத் தகரம்தான் சரி. திறந்த கடல் தூரம் என்பதால் உப்புக்காற்றுப் பயம் குறைவு. இரண்டு அடி அகலத்தில் பொருத்தில்லாத ஒரே தகடாக, இரண்டு ஓரமும் மேலே மடித்து வையுங்கள். நடுவில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. ஓடுகள் இரு பக்கமும் தகட்டின்மேல் நாலு அங்குலம் ஏறி நிற்க வேண்டும். இப்போது அந்த மூலைகளில் சீமெந்து பூசியிருந்தால் முதலில் அதைக் கொத்தி எடுங்கள். அது வெடித்த இடத்தால்தான் பெரும்பாலும் ஒழுகும்.