யோக் தயாரிக்கக் கடன் வாங்கலாமா? ஸ்டீயரிங் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஓசூரில் சிறிய இயந்திரப் பட்டறை நடத்துகிறேன். கார் ஸ்டீயரிங் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் பதினோரு ஆண்டுகளாக இரண்டு பாகங்களைச் செய்து கொடுத்து வருகிறேன். ஒன்று ஸ்டீயரிங்கின் திருப்புவிசையைக் கீழே கொண்டுசெல்லும் இன்டர்மீடியட் ஷாஃப்ட்டில் வரும் யோக் என்ற கவை, மற்றொன்று ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஸ்லீவ். இப்போது யோக்கின் அளவை இரண்டு மடங்காக்கச் சொல்லி, துளைக்குள் பற்களை வெட்டும் ஒரு புரோச்சிங் இயந்திரமும், கடைசல் வேலைக்கு ஒரு சி.என்.சி. டர்னிங் சென்டரும் வாங்கும்படி கேட்கிறார்கள். வங்கிக் கடன் ஒரு கோடியே இருபது லட்சம் ரூபாய் ஆகும். அவர்களுடைய ஆண்டறிக்கையில் விற்பனை கூடியிருக்கிறது, லாபம் குறைந்திருக்கிறது. ஷாஃப்ட்டே இல்லாத ‘ஸ்டீயர்-பை-வயர்’ பற்றி அதே அறிக்கையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். இந்த நிலையில் கடன் வாங்கலாமா?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வாடிக்கையாளரின் நிதிநிலை எப்படி இருக்கிறது என்பது ஒன்று. நீங்கள் செய்யும் பாகம் இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்பது மற்றொன்று. பெரும்பாலானவர்கள் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்ததும் முதல் கேள்விக்கு மட்டும் விடை தேடிவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். ஆனால், நன்றாக வளரும் நிறுவனத்துக்குள்ளேயே உங்கள் பாகம் மட்டும் மெல்ல மறைந்துபோக முடியும் என்பதால், இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

ஓட்டுநர் ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்பும்போது அந்தத் திருப்புவிசை ‘ஸ்டீயரிங் காலம்’ (column) என்ற தண்டுப் பகுதி வழியாக இறங்கி, இன்டர்மீடியட் ஷாஃப்ட்டைக் கடந்து, பினியன் என்ற சிறு பற்சக்கரத்துக்குப் போய், ரேக் என்ற பல் வெட்டிய நீளத் தண்டை இடமும் வலமும் நகர்த்துகிறது. ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள டை ராடுகள் முன்சக்கரங்களைத் திருப்புகின்றன. நீங்கள் செய்யும் யோக், அந்த ஷாஃப்ட்டின் முனைகளில் யுனிவர்சல் ஜாயிண்ட்டைப் பிடித்திருக்கும் கவை. இந்தப் பாதையில் பவர் ஸ்டீயரிங்கின் உதவிவிசை எந்த இடத்தில் வந்து சேருகிறது என்பதுதான் உங்கள் இரண்டு பாகங்களின் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

ஹைட்ராலிக் முறையில் எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த பம்ப் எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்குகிறது. ஓட்டுநர் திருப்பும்போது பினியனுக்கு மேலுள்ள டார்ஷன் பார் என்ற மெல்லிய தண்டு சில பாகை முறுக்கிக்கொள்ள, உங்கள் ஸ்லீவுக்கும் அதனுள் சுழலும் ரோட்டருக்கும் இடையிலுள்ள பள்ளங்கள் விலகி, எண்ணெய் ரேக்கின் ஒரு பக்கத்துக்குப் பாய்ந்து அதைத் தள்ளுகிறது. ஸ்லீவின் உள்விட்டத்தை ஹோனிங் செய்து, அதாவது தேய்த்து மெருகேற்றி, மைக்ரான் கணக்கில் நிறுத்தும் சிரமம் உங்களுக்கே நன்றாகத் தெரியும். உள்விட்டம் சற்றுப் பெரிதானால் எண்ணெய் கசிந்து உதவிவிசை குறைகிறது. சற்றுச் சிறிதானால் ரோட்டர் பிடித்துக்கொண்டு, வண்டி நேராகப் போகும்போதே சக்கரம் ஒரு பக்கம் இழுக்கிறது.

மின் மோட்டாரால் உதவும் ஸ்டீயரிங் 1988இல் ஜப்பானில் சுஸுகி செர்வோ என்ற சிறு காரில் முதன்முதலாக வந்தது. அதைச் செய்து கொடுத்த கோயோ செய்கோ நிறுவனம், 2006இல் டொயோடா மெஷின் ஒர்க்ஸுடன் இணைந்து ஜேடெக்ட் ஆனது. ஹைட்ராலிக் பம்ப் நேரான சாலையிலும் எஞ்சினோடு சேர்ந்து ஓடிக்கொண்டே எரிபொருளைத் தின்னும். மின் மோட்டாரோ திருப்பும்போது மட்டுமே கணிசமாக மின்சாரம் எடுக்கும். மின்சாரக் காரில் பம்பை ஓட்ட எஞ்சினே கிடையாது. தடத்தை விட்டு விலகாமல் காக்கும் வசதி, தானே பார்க்கிங் செய்துகொள்ளும் வசதி போன்றவற்றுக்குக் கணினி சொன்னபடி சக்கரம் திரும்ப வேண்டியிருப்பதால், அதற்கும் மின் மோட்டாரே எளிது. ஆகவே, பயணிகள் காருக்கான வால்வு ஸ்லீவில் இனி ஒரு ரூபாய் கூட முதலீடு செய்யாதீர்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன். இருக்கும் இயந்திரத்தில் வரும் ஆர்டரை முடித்துக் கொடுத்துக்கொண்டே, லாரி, பேருந்து, டிராக்டர் பக்கம் விசாரியுங்கள். கனரக வண்டிகளின் முன் அச்சுச் சுமைக்கு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் இன்னும் சில காலம் தேவைப்படும். உங்கள் ஹோனிங் கைத்திறனுக்கு அங்கே மதிப்பு உண்டு.

யோக்கின் கதை வேறு. மின் ஸ்டீயரிங் வந்ததால் யோக்குக்குக் கேடு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டுச் சிறிய கார்களில் நடந்தது இதற்கு நேர்மாறானது. இந்தக் கார்களில் பெரும்பாலும் மோட்டார் ஸ்டீயரிங் காலத்திலேயே, அதாவது ஷாஃப்ட்டுக்கு மேலே பொருத்தப்படுகிறது. மோட்டாரின் வார்ம் ஷாஃப்ட் ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரத்தைச் சுழற்றி உதவிவிசையைச் சேர்க்க, அந்த முழு விசையும் உங்கள் யோக் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. ஹைட்ராலிக் வண்டியில் ஓட்டுநரின் கைவிசையான சில நியூட்டன் மீட்டரைச் சுமந்த அதே ஷாஃப்ட், காலம் வகை மின் ஸ்டீயரிங்கில் ஐம்பது நியூட்டன் மீட்டரையும் தாண்டிச் சுமக்க வேண்டியிருக்கிறது. யோக்கின் துளைக்குள் வெட்டப்படும் செரேஷன் பற்களில் அளவு சற்றுத் தளர்ந்தாலும் ‘டக் டக்’ என்று கைக்கே தெரியும் என்பதால், இந்த யோக்கில் தரக்கட்டுப்பாடு கடுமையானது; விலையும் சற்றுக் கூடுதலாகக் கேட்கலாம்.

பெரிய கார்களிலும் எஸ்.யு.வி.க்களிலும் மோட்டார் பினியனிலோ, பெல்ட்டும் பால் ஸ்க்ரூவும் கொண்டு ரேக்கிலோ உட்காருகிறது. அங்கே யோக் இருக்கும், ஆனால் சுமை குறைவு. ஸ்டீயர்-பை-வயரில் காலத்துக்கும் ரேக்குக்கும் இடையே கம்பியும் மின்சாரச் சைகையும் மட்டுமே இருப்பதால் ஷாஃப்ட் இல்லை, யோக்கும் இல்லை. 2013இல் வெளிவந்த இன்ஃபினிட்டி க்யூ50 காரில் மின்சாரம் தவறினால் கைகொடுக்க ஒரு கிளட்ச்சோடு ஷாஃப்ட்டையும் விட்டு வைத்திருந்தார்கள். 2023 இறுதியில் வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் அதுவும் இல்லை. சீனா, முழுக்க மின்சாரத்தால் இயங்கும் ஸ்டீயரிங்குக்கு இருந்த தடையைத் தனது ஜிபி 17675 தரவிதியின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கி, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எனவே இது வெறும் கண்காட்சிப் பேச்சு அல்ல. ஆயினும் மோட்டாரின் சுருள், சென்ஸார், கட்டுப்பாட்டுக் கணினி, மின்வழங்கல் என ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு வைக்க வேண்டியிருப்பதால் இதன் செலவு அதிகம். பத்து லட்சம் ரூபாய்க்குள் விற்கும் காரில் அந்தச் செலவை ஏற்க யாரும் அவசரப்பட மாட்டார்கள் என்பது என் கணிப்பு. உங்கள் கடன் ஐந்து ஆண்டுக்கானது என்றால், ஸ்டீயரிங் காலம் வகைக்குச் செல்லும் யோக் அதைத் தாண்டி வாழும்.

இனி ஆண்டறிக்கைக்கு வருவோம். அதில் இ.பி.எஸ். என்ற எழுத்துகள் ஓரிடத்தில் மின் பவர் ஸ்டீயரிங்கையும், நிதிப் பக்கங்களில் ஒரு பங்குக்கான ஈட்டுத்தொகையையும் குறிக்கும், குழம்பிவிட வேண்டாம்.

விற்பனை கூடி லாபம் குறைவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சாகினா நகரில் 1906இல் வேரூன்றி, ஜெனரல் மோட்டார்ஸ், டெல்ஃபை என்று கைமாறி, 2010இல் சீன உரிமையாளர்களிடம் போய், 2013இல் ஹாங்காங் பங்குச் சந்தையில் பட்டியலான நெக்ஸ்டியர் என்ற ஸ்டீயரிங் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் அதன் விற்பனை ஏறத்தாழ 384 கோடி டாலர், நிகர லாபம் 5.8 கோடி டாலர். 2023இல் விற்பனை சுமார் 420 கோடியாக உயர்ந்தது. லாபமோ சுமார் 3.7 கோடியாகச் சரிந்தது. நூறு ரூபாய்க்குப் பொருள் விற்று ஒரு ரூபாய் கூடக் கையில் நிற்கவில்லை என்று பொருள். 2024இல் விற்பனை சுமார் 428 கோடி, லாபம் சுமார் 6.2 கோடி. மூன்று ஆண்டுகளிலும் விற்பனைக் கோடு ஏறுமுகமாகவே இருந்திருக்கிறது. லாபக் கோடு பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்கிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க மோட்டார் தொழிலாளர் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு வாரங்கள் நீடித்தது. அதில் சிக்கிய ஜெனரல் மோட்டார்ஸ்தான் நெக்ஸ்டியரின் மிகப் பெரிய வாடிக்கையாளர். வண்டி உற்பத்தி நின்றாலும் தொழிற்சாலையின் கூலியும் தேய்மானமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எனவே உங்கள் வாடிக்கையாளரின் லாபம் குறைந்ததற்குக் காரணம் எது என்று தேடுங்கள். எஃகு, அலுமினிய விலை ஏறி, அதைக் கார் நிறுவனத்திடம் வசூலிப்பதில் ஒரு காலாண்டுத் தாமதம் ஏற்பட்டிருந்தால் அது தானாகச் சரியாகும். கார் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டிய விலைக்குறைப்பு காரணமென்றால், அடுத்த மாதமே அந்தச் சுமை உங்கள் தலைக்கு வரும் என்று எதிர்பாருங்கள். வாரன்ட்டிக்கான ஒதுக்கீடு திடீரெனப் பெருத்திருந்தால், எந்த மாடலில் என்ன பழுது என்று கொள்முதல் அதிகாரியிடம் நேராகவே கேளுங்கள். ஸ்டீயரிங் பாதுகாப்புப் பாகம் ஆகையால், ஒரு தொகுதி திரும்ப அழைக்கப்பட்டால் பல ஆண்டு லாபம் கரைந்துவிடும், அந்தப் பாகம் உங்களுடையதாகவும் இருக்கலாம்.

தொழில்நுட்பத்தைப் பற்றி இயக்குநர் அறிக்கை பேசும் பக்கங்களைவிட, இருப்புநிலைக் குறிப்பில் ‘உருவாக்கத்தில் உள்ள புலனாகாச் சொத்துகள்’ என்ற வரிக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். புதிய ஸ்டீயரிங்கை உருவாக்கும் செலவில் ஒரு பகுதியை, உரிய நிபந்தனைகள் நிறைவேறினால், உடனே செலவாகக் காட்டாமல் சொத்தாக எழுதிவைத்துப் பல ஆண்டுகளில் கழிக்கக் கணக்கியல் விதி இடம் தருகிறது. அந்த வரி ஆண்டுக்காண்டு வளர்ந்தால் உண்மையிலேயே பணம் செலவாகிறது என்று அறியலாம். இரண்டு பக்கம் வண்ணப்படம் இருந்து அந்த வரியில் ஒன்றுமே இல்லையென்றால், தொழில்நுட்பம் வெளிநாட்டுக் கூட்டாளியிடமிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

அந்தக் கூட்டாளி யார், அவர் தங்குவாரா என்பதும் முக்கியம். இந்தியாவில் சோனா கோயோ என்ற ஸ்டீயரிங் நிறுவனத்தில் 2017இல் ஜப்பானிய ஜேடெக்ட் தன் பங்கைக் கூட்டிக்கொண்டது, 2018இல் பெயரும் ஜேடெக்ட் இந்தியா ஆனது. சென்னையில் 1929இல் தொடங்கிய ரானே குழுமத்திலோ, ஸ்டீயரிங் கூட்டு நிறுவனம் ஒன்றில் ஜப்பானிய என்எஸ்கே வைத்திருந்த 51 சதவீதப் பங்கை 2024இல் ரானே ஹோல்டிங்ஸ் வாங்கிக்கொள்ள, அந்தக் கூட்டு நிறுவனம் ரானே ஸ்டீயரிங் சிஸ்டம்ஸ் ஆனது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள். எந்தத் திசையானாலும், உரிமை மாறும்போது வரைபடங்களும் சப்ளையர் பட்டியலும் மறுபடி பார்க்கப்படும் என்பதால், உங்களைப் போன்றவர்கள் அந்தச் செய்திகளைத் தவறவிடக் கூடாது.

புதிய ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு என்று ஒரு பெரிய எண்ணும் இருக்கும். நெக்ஸ்டியர் 2024இல் சுமார் 600 கோடி டாலர் என்று சொன்னது. இது ஒரே ஆண்டில் வரும் பணம் அல்ல. ஒரு மாடலின் முழு ஆயுளிலும் வரக்கூடிய வருமானத்தின் கூட்டல். உற்பத்தி தொடங்கவே இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம், அதற்குள் மாடலே கைவிடப்படவும் கூடும். நான் ஆலோசனை சொல்லி வந்த ஒரு பட்டறைக்காரர், அப்படிப்பட்ட அறிவிப்பை நம்பிப் பம்ப் பாகத்துக்கென்றே தனி இயந்திரம் ஒன்றை நிறுவினார். மாடல் மின் ஸ்டீயரிங்குக்கு மாறியது. அந்த இயந்திரத்தை வேறு எதற்கும் பயன்படுத்த முடியவில்லை. தார்ப்பாய் போர்த்திய அந்த இயந்திரத்துக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்தவன் என்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இன்னும் ஒரு வரி உங்களுக்கென்றே இருக்கிறது. சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கி (டிரேட் பேயபிள்ஸ்) பற்றிய குறிப்பில், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையையும், தாமதத்துக்கான வட்டியையும் தனியாகக் காட்ட வேண்டும் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் தேவை. எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தரும் கெடு 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதே சட்டம். அந்தத் தொகை கொள்முதலைவிட வேகமாக வளர்ந்தால், உங்கள் பணத்தில்தான் அவர்கள் தொழில்நுட்பம் வளர்கிறது. உங்கள் உத்யம் (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) சான்று அவர்களது கோப்பில் இருக்கிறதா என்பதை இந்த வாரமே உறுதிசெய்யுங்கள்.

இனி இயந்திரங்கள். டர்னிங் சென்டர் பொதுப்பயன் கொண்டது. யோக் போனாலும் நாளை மோட்டார் உறையோ, டை ராடு முனையோ கடைந்து கொடுக்கலாம், ஆகவே அதை உங்கள் கடனில் வாங்குங்கள். புரோச்சிங் இயந்திரத்தை அப்படி வாங்காதீர்கள். அது யோக்கின் செரேஷனுக்கே பெரிதும் பயன்படும் என்பதால், அதன் விலையைப் பாகத்தின் விலையில் சேர்த்துக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் திருப்பித் தரவும், எண்ணிக்கை வராவிட்டால் மீதியை ஒரே தவணையில் கொடுக்கவும் வாடிக்கையாளரிடம் எழுதி வாங்குங்கள். புரோச் கருவிகள் அவர்கள் சொத்தாகவே இருக்கட்டும்.

கையெழுத்திடும் முன், கூடுதலாகக் கேட்கும் ஒவ்வொரு யோக்கின் பாக எண்ணுக்கும் எதிரே மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: அது எந்த மாடலுக்குப் போகிறது, மோட்டார் காலத்திலா பினியனிலா ரேக்கிலா, அந்த மாடலின் உற்பத்தி எந்த ஆண்டு முடிகிறது. பாதிக்கு மேல் ஸ்டீயரிங் காலம் வகையாக இருந்து, முடியும் ஆண்டு உங்கள் கடைசித் தவணைக்குப் பிறகு வந்தால் வங்கிக்குப் போகலாம். விவரம் தர மறுத்தால், டர்னிங் சென்டரோடு நிறுத்திக்கொண்டு, புரோச்சிங்கை வெளியே ஜாப் ஒர்க்காகக் கொடுத்து முதல் ஆறு மாத ஆர்டரை ஓட்டிப் பாருங்கள்.