பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே எழுப்புவது: கேள்வி பதில்

என் ஷெட்டில் இதுவரை இரண்டு எம்ஜிபியும் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒரு டட்சன் 240இசட்டும் (அதே காலத்து ஜப்பானிய கார்) அக்கு அக்காகப் பிரிந்து கிடந்து, மறுபடி ஒன்றாகியிருக்கின்றன. நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. விடுமுறை நாளில் கையில் கிரீஸ் பூசிக்கொள்கிற ஆள், அவ்வளவுதான். கேட்டவர்களுக்கு என் கைப்பட்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, 1971 எம்ஜிபி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஆனால் என்ஜின் ஓடவில்லை. வாங்கலாமா?

என்ஜின் ஓடாததைப் பற்றிக் கவலையே படாதீர்கள். 1798 சிசி, நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு. எளிமையான, முரட்டு என்ஜின். பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். எனக்குப் பயம் தருவது அந்தப் பெயின்ட்டின் மினுமினுப்புதான். ஓடாத காருக்கு யார் புது பெயின்ட் அடிப்பார்கள்? அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி.

எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற பெட்டி போன்ற பகுதி, அதாவது சில், காரின் முதுகெலும்பு. கூரையில்லாத மாடலில் இன்னும் கூடுதலாக. கதவைச் சாத்திவிட்டு அதன் பின்விளிம்பு இடைவெளியைப் பாருங்கள். மேலே நெருங்கி, கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் இருந்தபோது சுலபமாக மூடிய கதவு இப்போது இடித்தால், விற்பவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்துவிடலாம். அல்லது வெல்டிங் கற்றுக்கொள்ளலாம்.

சீட்டுக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கவும் மறக்காதீர்கள். 1974 வரை வந்த கார்களில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஆசிட் சொட்டிச் சொட்டி அந்தப் பெட்டிகள் அரித்துப்போயிருப்பது வழக்கம்.

வெல்டிங் கற்றுக்கொள்ளும் கட்சி நான். சில் இரண்டு பக்கமும் போய்விட்டது. மேலே புதுத் தகடு ஒன்றை வைத்து மூடிவிட்டால் போதாதா?

போதாது. நான் வாங்கிய முதல் காரில் முன்பு வைத்திருந்தவர் அதைத்தான் செய்திருந்தார். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு, பழைய தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. சில்லில் வெளித்தகடு, உள்தகடு, நடுவில் செங்குத்தாக இன்னொரு தகடு என்று பல அடுக்கு. வெளித்தகடு முன், பின் மட்கார்டுகளுக்கு அடியிலும் ஓடுகிறது. மட்கார்டைக் கழற்றாமல் சில் மாற்றினேன் என்று யாராவது சொன்னால், முழுதாக மாற்றவில்லை என்றுதான் பொருள்.

வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதில்தான் முழு வேலையும் இருக்கிறது. இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். காரின் நடுப்பகுதியில் ஸ்டாண்ட் கொடுத்து, இரு முனையும் தொங்கிக்கொண்டிருந்த நிலையில் சில்லை வெட்டினேன். அழகாக வெல்டிங் அடித்தேன். கீழே இறக்கியபோது கதவு பூட்டில் போய் உட்காரவேயில்லை. காரை வளைத்து வைத்து, அந்த வளைவை நிரந்தரமாக்கியிருந்தேன். மூன்று மாத வேலையை மறுபடி கிரைண்டரால் அறுத்தேன்.

ஆகவே: சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்களுக்குக் கிட்ட ஸ்டாண்ட் கொடுங்கள், கார் தன் சக்கரத்தில் நிற்பது போலவே பாரம் இறங்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கதவு இடைவெளி சரியாக வந்த பிறகு, கதவைக் கழற்றிவிட்டு, அந்த வாசலின் குறுக்கே சதுரக் குழாய் ஒன்றை வெல்டிங் அடித்துப் பூட்டுங்கள். மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதி வையுங்கள். காகிதம் தொலையும், சுவர் தொலையாது. ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். புதுத் தகட்டை அங்கங்கே புள்ளி வைத்துப் பிடித்ததும் கதவை மாட்டிப் பாருங்கள், திருப்தியானால் மட்டும் முழு வெல்டிங். அதையும் ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம் என்று தாவித் தாவிப் போங்கள்.

மெல்லிய தகட்டுக்கு கேஸ் உள்ள மிக் மெஷின் (கம்பி தானாக வரும் வெல்டிங் மெஷின்), 0.6 மி.மீ. கம்பி போதும். கடைசியில் சில் பெட்டிக்குள் மெழுகு தெளிக்காமல் விட்டால் துரு அன்றைக்கே மறுகணக்கைத் தொடங்கிவிடும்.

பெட்ரோல் டேங்கில் சின்ன ஓட்டை. நன்றாகக் கழுவிவிட்டேன். வெல்டிங் அடிக்கலாமா சார்?

கூடாது. கழுவிய டேங்கிலும் மடிப்புகளுக்குள் பெட்ரோல் ஆவி ஒளிந்திருக்கும். புது டேங்க் வாங்குங்கள். மற்ற இடத்தில் வெல்டிங் செய்யும்போதும் டேங்கைக் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கழற்றிய போல்ட் எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. 8 மி.மீ. நட்டு பாதி வரை போய் இறுகி நிற்கிறது. ஸ்பேனரால் முறுக்கிவிடட்டுமா?

முறுக்காதீர்கள், மரை போய்விடும்! உங்கள் கார் பிரிட்டிஷ் கார் என்றால் அது 8 மி.மீ. போல்ட்டாகவே இருக்காது. 5/16 அங்குல யுஎன்எஃப், அதாவது அங்குலக் கணக்கில் நெருக்கமான மரை. விட்டம் 7.94 மி.மீ., கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மரை வேறு, இதில் அங்குலத்துக்கு 24. மரை அளவி என்று சீப்பு மாதிரி ஒரு கருவி இருக்கிறது. முதலில் அதை வாங்குங்கள். டப்பாவைப் பிரிக்க எனக்குத் தெரிந்த குறுக்குவழி எதுவும் இல்லை, ஒரு மழைநாள் தேவைப்படும். அடுத்த காருக்காவது கழற்றும்போதே பை பையாகப் போட்டு, எழுதிக் கட்டி, போட்டோ எடுத்து வையுங்கள்.

என் காரில் இரட்டை எஸ்யூ (ஒரு பிரிட்டிஷ் ரகம்) கார்புரேட்டர். ஐடிலில் என்ஜின் குதிரை மாதிரி குதிக்கிறது. ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) திருகித் திருகி அலுத்துவிட்டது.

முதலில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். எஸ்யூவைப் போல வீண்பழி சுமக்கும் பாகம் வேறில்லை. வால்வ் இடைவெளி (எம்ஜிபிக்கு 0.38 மி.மீ.), சிபி பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் முனை), கண்டென்சர் (அதோடு சேர்ந்த மின்தேக்கி), டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) ஆகிய நான்கையும் இந்த வரிசையில் சரிபார்க்காமல் கார்புரேட்டரைத் தொடவே கூடாது. அப்புறம் த்ராட்டில் தண்டு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்புவது) ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் காற்று கள்ளத்தனமாக நுழையும், எந்த ஜெட் சரிசெய்தாலும் நிற்காது.

அதெல்லாம் சரி என்றால் ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேளுங்கள். இரண்டிலும் ஒரே சீறல் கேட்கும்வரை சரிசெய்யுங்கள். கலவைக்கு: கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் தூக்குங்கள். என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடி உடனே பழையபடி வந்தால் சரி. கார்புரேட்டரின் மேலே உள்ள டேஷ்பாட்டில் (அந்தப் பிஸ்டனின் கூண்டு) எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் என்ஜின் திக்கும்.

சிபி பாயின்ட்டை எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? அசல்தன்மை கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

தாராளமாகப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஒளிந்துகொள்ளும் சின்னப் பெட்டிதான், வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் 1967 கடைசி வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். தவறான வகையை மாட்டினால் ஒரு நொடியில் கருகும். பழைய பாயின்ட்டை எறிய வேண்டாம், டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கட்டும். நடுவழியில் அந்த மின்பெட்டி செத்தால் பத்து நிமிடத்தில் வீடு திரும்பும் வழி அதுதான்.

240இசட் வைத்திருக்கிறேன். இதற்குள் வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின் இறக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பிரேக்கிலிருந்து. கிண்டல் இல்லை. 2393 சிசி, சுமார் 150 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேலான எடை: இந்தக் கணக்குக்கு வடிவமைத்த கார் அது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இரண்டு மடங்கு சக்தியை அதற்குள் இறக்கினால் முதல் வளைவிலேயே நிறுத்த முடியாது. பேட்டரித் தட்டுக்குக் கீழேயும் அடிச்சட்டத்திலும் துரு இருந்தால் பாடியே முறுக்கிக்கொள்ளும். முதலில் துரு, அப்புறம் பிரேக், சஸ்பென்ஷன், ரேடியேட்டர். என்ஜின் கடைசி.

பழைய டொயோட்டா பிக்கப்பின் நான்கு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இந்தக் காரின் முன்பக்கம் அதே போல்ட் ஓட்டைகளில் உட்காரும். பலர் செய்கிற மாற்றம் இது. காலிப்பர் பெரிதானால் பெடல் கூடுதல் ஆழம் போகும், மாஸ்டர் சிலிண்டரையும் (பெடல் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுப்பது) சேர்த்து யோசியுங்கள்.

என்னைக் கேட்டால் வி8 வேண்டாம் என்பேன். இதன் பின்வந்த மாடலான 280இசட்டில் இருந்த 2753 சிசி எல்28 என்ஜின் அதே குடும்பம், அதே மவுன்ட்டில் உட்காரும். அந்த ஆறு சிலிண்டர் சத்தத்துக்காகத்தானே இந்தக் காரை வாங்கினீர்கள்? எதைச் செய்தாலும் எண் பொறித்த பழைய என்ஜினை எண்ணெய் தடவி ஒரு மூலையில் வைத்திருங்கள். பாடியை வெட்டாமல் செய்த மாற்றத்தை எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம். வெட்டியதைத் திருப்ப முடியாது. பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் என்ஜின் மாற்றத்தைத் தெரிவிக்காமல் தெருவில் இறங்காதீர்கள்.

பிரேக் போட்டால் பிடிக்கிறது, காலை எடுத்தால் விடமாட்டேன் என்கிறது. வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதுசு!

ரப்பர் ஹோஸைப் பழையதாகவே விட்டுவைத்தீர்களா? வெளியே நன்றாகத் தெரியும். உள்சுவர் உப்பி, வால்வ் மாதிரி வேலை செய்யும். பெடலின் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போகும், திரும்பி வர வழியிருக்காது. எல்லா ஹோஸையும் மாற்றுங்கள்.

கூடவே ஒரு விஷயம். பிரேக் ஆயில் ரகங்களில் டாட் 5 என்பது சிலிகான் வகை. டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைகால். 5.1-ஐயும் 5-ஐயும் குழப்பிக் கலந்துவிடாதீர்கள். கிளைகால் ஈரம் குடிக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயின்ட்டில் சொட்டினால் பெயின்ட் உரியும். பழைய பிரேக் லைனிங்கின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதவே ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

வயரிங் தொட பயம். லூக்கஸ் (பிரிட்டிஷ் கார்களின் மின்பாகக் கம்பெனி) என்றாலே சிரிக்கிறார்களே?

சிரிப்பவர்கள் எர்த் முனைகளைச் சுரண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். பாதிக் கோளாறு அங்கேதான். ஐம்பது வருடத் துருவின் மேல் போல்ட் போட்டால் மின்சாரம் எப்படிப் போகும்? நிறங்கள் ஒழுங்கானவை: பழுப்பு எப்போதும் உயிரோடிருப்பது, ஃபியூஸ் கிடையாது. ஊதா, ஃபியூஸ் வழியாக எப்போதும். வெள்ளை, சாவி திருப்பினால். பச்சை, சாவி திருப்பி ஃபியூஸ் வழியாக. கறுப்பு எர்த். இதை மனப்பாடம் செய்துவிட்டு டெஸ்ட் லாம்ப் ஒன்றோடு உட்காருங்கள். நடுவில் யாரோ செருகிய சிவப்பு ஒயர் ஏதாவது தென்பட்டால், சந்தேகத்தோடு அதையே முதலில் பின்தொடருங்கள்.

ஈயமில்லாத, எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய என்ஜினுக்கு ஆகுமா?

ஈயம் இல்லாததால் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் (வால்வ் மூடும்போது உட்காரும் இடம்) மெல்ல மெல்ல உள்ளே அமுங்கும். வால்வ் இடைவெளி அடிக்கடி தானாகக் குறைகிறதென்றால் அதுதான் காரணம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுகிற அன்று கடினப்படுத்திய சீட் போட்டுவிடுங்கள், இதற்கென்றே கழற்ற வேண்டாம். எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும். பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் சொட்டும் பெட்ரோல் விளையாட்டில்லை.

எவ்வளவு காலம் ஆகும் அண்ணா? வீட்டில் ஒரு வருடம் என்று சொல்லியிருக்கிறேன்.

நானும் அப்படித்தான் சொன்னேன். ஆறு ஆயிற்று.

என்ஜினைப் புதிதாகக் கட்டி முடித்தாயிற்று, கேம்ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) டேப்பெட்டும் (அதன் அசைவை வால்வுக்குக் கடத்துவது) புதுசு. நாளைக்கு முதல் ஸ்டார்ட். என்ன கவனிக்க வேண்டும்?

பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, செல்ஃப் மோட்டாரால் சுற்றி ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை பாருங்கள். முள் எழாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆயில் துத்தநாகச் சேர்க்கை, அதாவது இசட்டிடிபி, போதுமான அளவு உள்ளதாக இருக்கட்டும். பழைய தட்டை டேப்பெட்டுக்கு அது அவசியம், இன்றைய கார்களுக்கான பல ஆயில்களில் அது குறைவு.

ஸ்டார்ட் ஆனதும் ஆசையாக ஐடிலில் விட்டுக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். மெதுவாகச் சுற்றும்போது கேம்மின் மேல் ஆயில் போதுமான அளவு தெறிக்காது, புது உலோகம் ஒன்றையொன்று தின்றுவிடும். உடனே 2000-லிருந்து 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, கொஞ்சம் கூட்டிக் குறைத்து, 20 நிமிடம் ஓட்டுங்கள். அதற்காகவே டைமிங்கையும் கார்புரேட்டரில் பெட்ரோலையும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். ஷெட் கதவு திறந்திருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். சூடு ஏறுகிறதா, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க இன்னொரு ஆளை நிறுத்துங்கள். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

20 நிமிடம் அந்த வேகத்தில் சைலன்சர் போடும் சத்தம் கொஞ்ச நஞ்சமல்ல. பக்கத்து வீட்டில் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.