பால் எப்படி ஹாலு ஆனது? கேள்வி பதில்

அல்சூர் வாசகர்: நாம் பால், பத்து, புலி என்கிறோம். பக்கத்துக் கன்னடக் கடைக்காரர் ஹாலு, ஹத்து, ஹுலி என்கிறார். பகரம் எங்கே போச்சு?

பழங்கன்னடத்திலும் பகரம்தான், பிறகு ஹகரமாகத் தேய்ந்தது. இது கன்னடத்துக்கு மட்டும் வந்ததல்ல. பழைய ஜப்பானியத்தின் பகரமும் இப்படித்தான் ஹகரமானது. அரபியில் அது 'ஃப'-வோடு நின்றுவிட்டது. காரணம் வாயிலேயே இருக்கிறது. 'த', 'க' சொல்லும்போது நாக்கு திறந்ததும் வெடிப்பு முன்வாயில் மோதி உரத்துக் கேட்கும். உதட்டுக்கு முன்னால் வெட்டவெளிதானே, அதனால் 'ப' சன்னமாகவே கேட்கும்.

மல்லேஸ்வரம் வாசகர்: அப்படியானால் மொழிகள் உதட்டொலியையே விட்டிருக்க வேண்டுமே?

நல்ல மடக்கல்! குரலோடு வரும்போது கதை தலைகீழ். 'பம்பரம்' என்பதன் இரண்டாவது ப-வைச் சொல்லத் தொடங்கி, உதட்டைத் திறக்காமல் தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். கன்னம் உப்பும், அதிர்வு கொஞ்ச நேரம் நிற்கும். 'சங்கு' என்பதன் க-வில் அதே வேலையைச் செய்தால் சட்டென்று அடங்கிவிடும். அடைப்புக்குப் பின்னால் காற்றுக்கு இடமே கிடையாது. அதனால்தான் தாய்லாந்தின் தாய் மொழியிலும் டச்சின் சொந்தச் சொற்களிலும் பம்பரத்து ப உண்டு, சங்கின் க இல்லை. எழுத்து அரபியிலோ 'பால்' என்பதன் ப-வே கிடையாது, பம்பரத்து ப மட்டும் இருக்கிறது. உலகெங்கும் ஓட்டை விழுவது பெரும்பாலும் பாலின் ப, சங்கின் க என்ற இந்த இரண்டு இடங்களில்தான்.

ஜெயநகர் வாசகர்: எல்லா மொழியிலும் இருக்கும் மெய் எது?

குறிப்பிட்ட ஒரு மெய்யைக் காட்டுவது கடினம். காற்றை அடைத்துத் திறக்கும் வல்லினம் ஏதாவது ஒன்று எல்லா மொழியிலும் உண்டு. மூக்கொலி ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. அமெரிக்காவின் குவிலியூட் மொழியில் அதுவும் இல்லை, 'அம்மா' சொல்லவே வழியில்லை! ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகள் பலவற்றில் 'ஸ', 'ஃப' போன்ற உரசொலிகள் கிடையாது. உபிக் மொழியிலோ 84 மெய்கள். அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் துருக்கியில் 1992-ல் இறந்தார்.

அதே வாசகர்: ழ நமக்கு மட்டும்தானே?

இல்லை. மலையாளத்தில் இன்றும் இருக்கிறது. கன்னடத்திலும் முன்பு இருந்தது. சீன மாண்டரினின் ரகரத்தைக் கேளுங்கள், பங்காளி மாதிரி இருக்கும்.

கே.ஆர்.புரம் வாசகர்: மகள் பள்ளியில் இந்திக்கு நான்கு க படிக்கிறாள். தமிழில் ஒன்றுதான். குறையா?

குறையில்லை. பாக்கு, பங்கு, பாகு மூன்றையும் சொல்லிப் பாருங்கள், க மூன்று விதமாக வரும். இடமே ஒலியைச் சொல்லிவிடுவதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. பதிலுக்கு ல, ள, ழ மூன்றையும் உங்கள் மகளின் இந்தி ஆசிரியரிடம் சொல்லிக் காட்டுங்கள்.